ஒரு துளிக் கடலில் ஓர் ஊர்

எங்கள் கீழ்க்கட்டளைப் பேருந்து நிலையத்தருகே மாலை வேளையில் நின்று பாருங்கள். பூக்கடையையும் தேநீர்க் கடையையும் சுற்றி மக்கள் மொய்த்திருப்பர். ஏரிக்கரைப் பக்கமோ ஆளரவம் குறைந்திருக்கும். ஊர் மக்கள்தொகையை அதன் பரப்பால் வகுத்துச் சொன்னால் இவ்வேற்றுமை புலப்படாது. கடலைப் பற்றி நானும் இத்தகைய பிழையைச் செய்தவனே. கடல்நீர் எங்கும் ஒரே சீரான கரைசல் என்று பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்தேன்.

கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் உள்ளன. அவை எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் கதிரவன் ஒளியைக் கொண்டு சர்க்கரையை ஆக்குகின்றன. அதில் ஒரு பகுதி வெளியே கசிகிறது. பாசியை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தை அலைகளாலும் கலக்க இயலாது. அத்துணைச் சிறிய அளவில் நீர் தேன்போல் பிசுக்குடையது போல இயங்குகிறது. ஆதலின் கசிந்த உணவு அங்கேயே செறிந்து, மெல்ல மெல்லவே பரவுகிறது. நெல்லின் வேரைச் சுற்றிய மண்ணில் நுண்ணுயிர்கள் செறிந்திருப்பது போன்றதே இதுவும். அவ்வேர்மண்டலத்தை ஒப்புநோக்கியே, பெல், மிட்செல் என்னும் அறிஞர் இருவர் 1972இல் இப்படலத்திற்குப் 'பாசி மண்டலம்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

நீந்தவல்ல பாக்டீரியாக்கள் உணவின் செறிவு மிகும் திசையை உணர்ந்து அங்கு விரைகின்றன. நீந்த இயலாதவை தற்செயலாகவே வந்து சேர்கின்றன. வந்தவை உண்பதோடு நிற்பதில்லை. நுண்பாசிகள் பலவற்றுக்கு வைட்டமின் பி12 தேவை. அதனை அவை தாமே ஆக்கமாட்டா. பாக்டீரியாக்களே அதனை அளிக்கக்கூடும் என்பதை 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. ஆயினும் வந்தவர் அனைவரும் நண்பரல்லர். பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் அவற்றுள் உண்டு.

இவ்வுறவு நம் மீனவர் வாழ்வையும் தொடுவது. நுண்ணுயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகி மடியுங்கால், பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்து, நீரிலுள்ள ஆக்ஸிஜனைச் செலவிட்டுவிடும். 2019 செப்டம்பரில் மண்டபத்தை அடுத்த மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகியது. அது தன் உடலுக்குள்ளேயே பச்சைப் பாசிகளைக் குடிவைத்திருப்பது. கடல் பச்சை நிறமுற்றது, ஆக்ஸிஜன் குன்றியது, மீன்கள் செத்துக் கரையொதுங்கின.

திருவான்மியூர்க் கடற்கரைக்குச் செல்லுங்கால் ஒரு கை நீரை அள்ளிப் பாருங்கள். தெளிந்து தோன்றும் அந்நீரில் எத்தனையோ சிற்றூர்கள் உள்ளன. என்னிடம் பயின்றோர் எவரேனும் இவ்வுரையைக் கேட்பின், நான் அன்று சொன்ன பாடத்தை அன்புகூர்ந்து திருத்திக்கொள்வார்களாக!