மூட்டையில் 32 என்று எழுதியிருந்தால் போதுமா?

பண்ணைக்குட்டையில் பங்காசியஸ் கெளுத்தி வளர்ப்பவர்கள் தீவன மூட்டையில் முதலில் தேடுவது புரத அளவைத்தான். 28-ஐவிட 32 உசத்தி என்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள். குஞ்சுகளுக்கு அந்த 32 சதவீதம் வேண்டும். அரைக் கிலோவைத் தாண்டிய மீனுக்கு 28 தாராளம். மிஞ்சிய புரதம் சதையாவதில்லை. கழிவாகி, தண்ணீரில் அம்மோனியாவாகச் சேர்கிறது. பாசி மண்டிய குளத்தில் பிற்பகலில் காரத்தன்மை ஏறும்போது அந்த அம்மோனியாவே நஞ்சாகிறது. காசும் போய், மீனும் போகும்.

இதைவிடக் கவலை தருவது, அந்த எண்ணே பொய்யாக இருக்கக்கூடும் என்பது. வழக்கமான பரிசோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தழைச்சத்தை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா கலந்தாலே, அறிக்கையில் புரதம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடிவிடும். மீனுக்கு அதனால் வளர்ச்சி இல்லை. 2007-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்ததும் இந்தக் கணக்கை நம்பித்தான். அதைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. அந்த மெலமைன் மீன் தீவனத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆகவே தீவன மாதிரியை ஆய்வுக்குக் கொடுக்கும்போது, மொத்தப் புரதத்தோடு உண்மைப் புரதத்தையும் யூரியாவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. சந்தேகம் வந்ததும் எல்லா மூட்டையையும் கொட்டித் தீர்த்துவிடாதீர்கள். பிரிக்காத மூட்டை ஒன்று, அதன் லேபிள், பில் மூன்றும் கையில் இருக்கட்டும். வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.

பண்ணை தொழில்தானே, நாம் எப்படி நுகர்வோர் ஆவோம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

கடனுக்குத் தீவனம் தரும் வியாபாரியே மீனையும் எடுப்பவராக இருந்தால் பில் கேட்க வாய் வராது. அந்தச் சங்கடம் உண்மையானது. ஆனால் கடனுக்கு வாங்கியவருக்கும் சட்டத்தில் அதே உரிமை உண்டு. பணம் கட்டி முடிக்காததால் புகார் செல்லாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.