மின் அதிர்ச்சி: ஃபியூஸ் மட்டும் உயிரைக் காக்காது

மின் அதிர்ச்சிக்கு உள்ளானவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போது, உடன் வந்தவர்களிடம் நாங்கள் சில கேள்விகளைக் கேட்கிறோம். கை ஈரமாக இருந்ததா? எவ்வளவு நேரம் விடுபட இயலாமல் இருந்தார்? நினைவிழந்தாரா? இக்கேள்விகளின் காரணத்தை அறிந்தால், விபத்தைத் தவிர்க்கும் வழியும் புலப்படும்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 சுற்றுகள் என்பதால், அது நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. இது தசைகளை இடைவிடாது இறுகச் செய்கிறது. விரல்களை மடக்கும் தசைகள், நீட்டும் தசைகளைவிட வலியவை. ஆகவே பழுதான கம்பியைப் பிடித்த கை, அதையே இறுகப் பற்றிக்கொள்கிறது. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பலரால் பிடியை விட இயலாது. மின்சாரம் கையிலிருந்து மறு கைக்கோ காலுக்கோ செல்லும் வழியில் மார்பு இருக்கிறது. 50 முதல் 100 மில்லி ஆம்பியர் அவ்வழியே சில நொடிகள் பாய்ந்தால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்து, இரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும்.

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அத்தடை வெகுவாகக் குறையும். உடலின் தடை 1,000 ஓம் எனக் கொண்டால், 230 மில்லி ஆம்பியர் பாயும். 60 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்வதைவிடவும் இது குறைவு. எனவே ஃபியூஸோ எம்.சி.பி.யோ இதனை உணராது. அவை கம்பிகளைக் காப்பவை, மனிதரை அல்ல.

மனிதரைக் காக்க இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, உலோக உறையில் கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் எர்த் இணைப்பு. மூன்று பின் பிளக்கின் தடித்த, நீண்ட பின் இதற்குரியது. மற்றொன்று, ஆர்.சி.சி.பி. சென்ற மின்னோட்டத்துக்கும் திரும்பியதற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு நேர்ந்தாலே, ஒரு நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துண்டிக்காவிடில் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

ஆக்சிஜன் செறிவூட்டி, சளி உறிஞ்சும் கருவி, காற்று மெத்தை ஆகியவற்றுடன் வீடு திரும்புவோர் இல்லத்தில் கூடுதல் கவனம் தேவை. எர்த் பின்னை நீக்கிவிட்டுக் கருவியை இயக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் போர்டை நீர் சிந்தக்கூடிய கட்டிலடியில் வைக்க வேண்டாம். நோயாளியின் உடலைத் துடைத்துவிட்ட ஈரக் கையோடு சுவிட்சைத் தொட வேண்டாம்.

விபத்து நேர்ந்தால், பதற்றத்தில் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள், நீங்களும் சிக்கிக்கொள்வீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது இயலாவிடில், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். 108-ஐ அழையுங்கள். உணர்வும் இயல்பான மூச்சும் இல்லையெனில், மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து நடமாடுபவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தோலில் சிறு புண்ணே தெரிந்தாலும், உள்ளே தசை சிதைந்திருக்கலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இதயத் துடிப்பின் ஒழுங்கை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகே, அவர் நலமாக இருக்கிறார் என்று எங்களால் கூற முடியும்.