கல்மண்டபத்துக்கு ஒரு யாத்திரிகம் எப்போது?

எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 1858இல் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு முப்பது வயது. நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். புலமைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், இன்று அவர் பெயரைச் சொல்லவைக்கும் நூல்கள் அத்தனையும் அந்த ஞானஸ்நானத்துக்குப் பிறகு வந்தவை. விசுவாசம் அவருக்குப் புலமையைக் கொடுக்கவில்லை. கையிலிருந்த புலமையை எதற்குச் செலவிடுவது என்பதைக் காட்டியது. கிறிஸ்தவ நம்பிக்கையில் தன்னைக் கண்டெடுக்கும் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போது, இந்த வேறுபாட்டைத்தான் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். ஆண்டவர் அழைத்தார், அதனால் எழுதுகிறேன் என்று சொல்லும் இளைஞர்களுக்கு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பஞ்சமே இல்லை. அழைப்பு உண்மையாகவே இருக்கட்டும். அழைப்பு வந்தபோது அவர்கள் கையில் என்ன இருந்தது, அதை வளர்த்தெடுக்க யார் இருந்தார்கள் என்பதல்லவா கேள்வி?

கிருஷ்ணபிள்ளைக்கு இரண்டுமே இருந்தன. சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய ‘தினவர்த்தமானி’யில் பத்திரிகை வேலை பழகினார். பின்னாளில் அவர் எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ காப்பியம் ஒரே மூச்சில் புத்தகமாக வந்துவிடவில்லை. ‘நற்போதகம்’ என்ற சபை இதழில் 1878 முதல் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல்தான் நூலானது. மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள்! மாதந்தோறும் இடம் ஒதுக்கிய ஓர் இதழ், அடுத்த பகுதிக்குக் காத்திருந்த வாசகர், பிழை கண்டால் சொல்லக்கூடிய புலவர் கூட்டம்: இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு விசுவாசியை எழுத்தாளராக்கின. அருள் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் பதின்மூன்று ஆண்டுகள் ஏன் ஆக வேண்டும்?

அந்தக் காப்பியத்தின் மூலத்துக்குப் போனால் விஷயம் இன்னும் சுவையாகிறது. 1678இல் ஆங்கிலத்தில் ‘மோட்சப் பிரயாணம்’ எழுதிய ஜான் பன்யன், பாத்திரங்களுக்கு ஓட்டை அடைத்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காத அந்தத் தொழிலாளி, தன் தெருவில் பேசிய மொழியிலேயே எழுதினார். கிருஷ்ணபிள்ளை அதைக் கம்பன் நடைக்கு உயர்த்தினார். உயர்த்தினார் என்றே பாடநூல்கள் சொல்லும். வடசென்னையிலிருந்து பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டை அடைப்பவரின் கதை பண்டிதர் வீட்டுக்குக் குடிபோய்விட்டது, திரும்பி வரவில்லை. தண்டையார்பேட்டையில் லேத் ஓட்டுகிறவரும், திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிக்கு கேட் பாஸ் வாங்க வரிசையில் நிற்கிறவரும் படிக்க வேண்டிய யாத்திரிகம் இன்னும் எழுதப்படவில்லை.

அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது சாட்சிப் புத்தகம். குடி, கடன், வியாதி, ஒரு ஜெபக்கூட்டம், விடுதலை. அனுபவம் பொய்யல்ல, நடைதான் இரவல். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கியவரும் வங்கியில் வேலை பார்த்தவரும் ஒரே பிரசங்க மேடைத் தமிழில் பேசுகிறார்கள். வலையின் நாற்றமில்லை, ஏலக்காரரின் குரலில்லை, நைட் ஷிப்ட் முடிந்த உடம்பின் வலியில்லை. கர்த்தருடைய மகிமைக்காக எழுதுகிறோம், இலக்கியத்துக்காக அல்ல என்று இதற்கு ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலை வேதநாயக சாஸ்திரியார் ஏற்றிருக்க மாட்டார். தஞ்சையிலிருந்து அவர் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதியபோது, ஊருக்குத் தெரிந்த குறத்தியை அழைத்துவந்துதான் கிறிஸ்துவைப் பாடினார். மகிமைக்காக எழுதியவர்தான் அவரும். அதற்காக வடிவத்தைக் கைவிடவில்லை.

சமயம் புகுந்தால் எழுத்து பிரசாரமாகிவிடும் என்பாரும் உண்டு. ஆழ்வார்களை வைத்திருக்கும் மொழியில் இந்த வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. இன்னொரு மறுப்பு கனமானது. கிறிஸ்தவன் என்ற அடையாளம் சாதியை மூடி மறைக்கிறதே என்பது அது. மறைக்கிறதுதான். அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வழக்கங்கள் இருக்கட்டும் என்று வாதாடியவர். ஆனால், இதற்கு விடையும் கிறிஸ்தவப் பெண் ஒருவரிடமிருந்தே வந்தது. துறவற மடத்தில் சேர்ந்து, அங்கே கண்டதைத் தாங்காமல் வெளியேறிய பாமா, 1992இல் ‘கருக்கு’ எழுதினார். சபையோடு சண்டைபோடும் அந்த நூலில் விவிலியம் ஊறிக்கிடக்கிறது. மொழியோ பனங்காட்டுத் தெருவின் மொழி. அதேபோல் ஜோ டி குரூஸ் பரதவர் பேச்சை ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களுக்குள் கொண்டுவந்தார். ‘கொற்கை’க்கு 2013இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இந்த இருவரும் விசுவாசத்திலிருந்து எடுத்துக்கொண்டது பிரசங்கத்தை அல்ல, தங்கள் சனத்தை.

என் கவலை இங்கேதான். ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றிலும் எத்தனை கோவில்கள், எத்தனை சபைகள்! துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கு மசூலாப் படகில் சரக்கு ஏற்றியிறக்கியவர்களின் காசில் எழுந்தது ராயபுரம் இராயப்பர் ஆலயம். காசு கொடுத்த அந்தக் கைகளைப் பற்றி எத்தனை கதைகள் நம்மிடம் உண்டு? இன்று பாட்டு எழுதினால் யூடியூபில் ஒரே இரவில் ஏற்றிவிடலாம். கதை எழுதினால் எங்கே கொடுப்பது? சபைகள் வெளியிடும் மலர்களில் ஆயரின் வாழ்த்துச் செய்தி, நன்கொடையாளர் பட்டியல், போன ஆண்டு அசனத்தின் வண்ணப் படங்கள் எல்லாம் இருக்கும். பத்துப் பக்கக் கதைக்கு இடமிருக்காது. எழுதினவரைக் கூப்பிட்டு, இந்தப் பத்தி இரவல், உங்கள் அப்பா படகில் எப்படிப் பேசுவாரோ அப்படி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல ஆள் இருக்காது.

வரும் ஆண்டு மலருக்குப் பணம் ஒதுக்கப்போகும் பங்குப்பேரவைகளுக்கும் சபை கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாழ்த்துச் செய்திகளைக் குறைத்து, ஒரு தொடர்கதைக்கு எட்டுப் பக்கம் விடுங்கள். தமிழ் தெரிந்த ஒருவரை ஆசிரியராக உட்காரவையுங்கள். எழுதுகிறவருக்குச் சன்மானமும் கொடுங்கள்.