கட்புலனாகாக் கதிரும் கணினியும்

தொலைக்காட்சிப் பெட்டி பழுதுற்று வீட்டைவிட்டு அகன்ற பின்னரும் அதன் ரிமோட் கருவி மேசை இழுப்பறையிற் கிடப்பதைச் செட்டிகுளத்து இல்லங்கள் பலவற்றிற் காணலாம். பயனற்றதெனக் கருதப்படும் அக்கருவி கணினியொன்றை இயக்க வல்லது. அஃது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் சூரிய ஒளியை அரியத்தினாற் பிரித்து, செந்நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்தபோது, கண்ணுக்குத் தோன்றாத கதிரொன்று அங்கு உளதெனக் கண்டார். அதுவே செங்கீழ்க் கதிர். அகச்சிவப்பு என்பாரும் உளர். ரிமோட்டின் பொத்தானை அழுத்துங்கால் இக்கதிர், பெரும்பாலும் செக்கனுக்கு 38,000 தடவை துடித்து, விட்டுவிட்டு வெளிப்படுகின்றது. பழைய தந்திக் குறிகளைப் போலவே, துடிப்புக்களும் இடைவெளிகளும் நீண்டும் குறுகியும் அமைந்து ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய எண்ணை உணர்த்துகின்றன.

அவ்வெண்ணைக் கணினிக்கு விளங்கவைத்தலே நம் வேலை. 1991ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் திறந்த மூலப் பணிசெயல் முறைமையின் கருவிலேயே, 2010ஆம் ஆண்டு முதல் இதற்கான வசதி அமைந்துளது.

ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியை எடுத்துக்கொள்வோம். மூன்று கால்களையுடைய செங்கீழ்க் கதிர் வாங்கியொன்றின் மின்காலை 3.3 வோல்ற்று முனையிலும், புவிக்காலைப் புவிமுனையிலும், சைகைக் காலை ஜிபிஐஓ 18 என்னும் முனையிலும் தொடுத்தல் வேண்டும். ஊசிகளை வரிசையாக எண்ணின் அது 12ஆவது ஊசியாகும். வாங்கிக்கு 5 வோல்ற்று மின்னைக் கொடுப்பின் கணினி பழுதுறக்கூடும்.

அடுத்து, தொடக்க அமைப்புக் கோப்பில் ‘ஜிபிஐஓ-ஐஆர்’ என்னும் இணைப்பை ஒரு வரியாற் சேர்த்து, கணினியை மீளத் தொடக்குக. ‘ஐஆர்-கீடேபிள்’ என்னும் செய்நிரலைச் சோதனை முறையில் இயக்கிப் பொத்தான்களை அழுத்தினால் அவற்றின் எண்கள் திரையிலே தோன்றும். தோன்றாவிடில், எல்லாக் குறிமுறைகளையும் ஏற்குமாறு பணித்து மீண்டும் பார்க்க. பின்னர் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ‘ஒலியைக் கூட்டு’, ‘அடுத்த பக்கம்’ முதலிய பணிகளுக்குரிய விசைப்பெயரை எழுதி, அவ்வட்டவணையைக் கணினி தொடங்குந்தோறும் ஏற்குமாறு அமைத்துவிடின் வேலை முற்றுப்பெறும்.

இவ்வட்டவணை பூட்டிவைக்கப்பட்டதன்று, எவரும் திறந்து திருத்தலாம். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினாற் கையூனமுற்றோர் வாழும் வன்னியிலே, விசைப்பலகையை ஆள இயலாத ஒருவருக்கு நான்கே பொத்தான்களால் நூலொன்றின் பக்கங்களைப் புரட்டிப் படிக்க வழிசெய்து கொடுக்கலாம். இதனை நம் மாணவர் ஒருவரே செய்ய முடியும். பழைய மாணவர் கல்லூரிக்குக் கணினி வாங்கி வழங்குதல் நன்று. அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கும் துணிவை மாணவர்க்கு ஊட்டுதல் அதனினும் நன்று.