கிண்டியில் இடங் கிடைக்குமா?

வேனிற்காலத்திற் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தவுடன், தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றில் எழும் வினா ஒன்றுண்டு. “இந்த மதிப்பெண்ணுக்குக் கிண்டியில் இடங் கிடைக்குமா?” என்பதே அது. தமிழ் பயிலும் நமக்கு இவ்வினாவை ஆராய என்ன உரிமை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நம் தம்பியின் பொருட்டுக் கலந்தாய்வுப் பட்டியல்களோடு பல இரவுகள் விழித்திருந்தோம். அதற்கு முன்னரே, நம் பள்ளித் தோழர் ஒருவர் இவ்வினாவிற்குக் கிடைத்த பிழையான விடையை நம்பித் தாம் விரும்பியதை இழந்ததையும் கண்டோம். ஆதலின், அறிந்தவற்றை எழுதிவைத்தல் இளையோர் சிலர்க்கேனும் பயன்படுமென்று துணிந்தோம்.

கிண்டிப் பொறியியற் கல்லூரியின் பழமை யாவரும் அறிந்ததே. 1794 ஆம் ஆண்டிற் சென்னைக் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1859 இற் கல்லூரியாகி, 1920 இற் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது. இத்தகைய இடத்தை நாடுவோர் பலராகவும், அங்குள்ள இடங்கள் சிலவாகவும் இருத்தல் இயல்பே.

முதற்கண், மதிப்பெண் கணக்கிடும் முறையை நோக்குவோம். பொறியியற் படிப்பிற்கென 1984 முதல் நடைபெற்று வந்த நுழைவுத் தேர்வு 2007 ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. கணிதம் நூற்றுக்கும், பௌதிகம் ஐம்பதுக்கும், இரசாயனம் ஐம்பதுக்குமாகக் கொண்டு, மொத்தம் இருநூற்றுக்குக் கணிப்பர். இதனையே மக்கள் ‘கட்-ஆப்’ என்று வழங்குவர். கணிதத்தில் 98, பௌதிகத்தில் 95, இரசாயனத்தில் 91 பெற்ற ஒருவரைக் கருதுக. கணிதத்தின் 98 அப்படியே நிற்கும். பௌதிகம் பாதியாகி 47.5 ஆகும், இரசாயனம் பாதியாகி 45.5 ஆகும். ஆகவே அவர் பெற்றது 191. கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் ஒன்று முழுதுங் குறையும். ஏனைய இரண்டில் அரையே குறையும். இருவர் ஒரே எண்ணிக்கை பெற்றவிடத்தும் கணிதமே முதலில் நோக்கப்படும்; அதுவும் ஒத்திருப்பின் பௌதிகம். மேலும் சில படிகள் கடந்தும் தீராவிடின், ஒவ்வொருவர்க்கும் முன்னரே குறிக்கப்பெற்ற சமவாய்ப்பு எண் தீர்ப்புக் கூறும்.

இனி, பலரும் இடறும் இடத்திற்கு வருவோம். “சென்ற ஆண்டு இத்துறை 193 இல் நின்றது, உனக்கு 191, ஆகவே இடமில்லை” என்று உறவினரும் அயலாரும் நொடியில் முடிவு கூறிவிடுவர். சென்ற ஆண்டின் எல்லை மதிப்பெண் ஒரு விதியன்று. அவ்வாண்டிற் கடைசியாக நுழைந்தவர் விட்டுச் சென்ற அடிச்சுவடே அது. வினாத்தாள் எளிதாயின் எல்லோர் மதிப்பெண்ணும் உயரும். கடினமாயின் எல்லோர்க்குந் தாழும். ஆதலால், சென்ற ஆண்டின் 191 உம் இவ்வாண்டின் 191 உம் எண்ணால் ஒன்றாயினும் பொருளால் வேறாம்.

ஆயின் எதனை நம்புவது? தரவரிசையை நம்பலாம். நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதே கேட்கத்தக்க கேள்வி. ஓர் ஊரில் விருந்துக்குச் சென்றவன், தன் பசி எவ்வளவு என்று அளந்து பயனில்லை. பந்தியில் எத்தனை இலை, தனக்கு முன் எத்தனை பேர் என்றே எண்ணுதல் வேண்டும். வினாத்தாள் எளிதாயினும் கடினமாயினும், ஆயிரமாவது நிற்பவர்க்கு முன் நிற்போர் 999 பேரே. எனவே சென்ற ஆண்டுகளில் ஒரு துறை எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்பதைக் காட்டிலும், எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று காண்பதே நேர்வழி. தரவரிசையும் முற்றும் நிலையானதன்று. புதிய இடங்கள் சேரலாம். மருத்துவத்திற்கோ இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கோ முன்னிற்போர் சிலர் சென்றுவிடலாம். மாணவர் விருப்பமும் ஒரு துறையினின்று மற்றொன்றிற்கு மாறலாம். ஆயினும் மதிப்பெண்ணைப்போல் அது ஆண்டுதோறும் ஊசலாடுவதில்லை.

தரவரிசையும் ஒன்றன்று, இரண்டு. நூறு இடங்களுள் 31 பொதுவிடங்கள்; எவ்வகுப்பினரும் மதிப்பெண்ணாற் பெறத்தக்கவை. எஞ்சிய 69 இல், பிற்படுத்தப்பட்டோர்க்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும் 20, ஆதிதிராவிடர்க்கு 15, அருந்ததியர்க்கு 3, பழங்குடியினர்க்கு 1 என வகுத்துள்ளனர். ஆகவே ஒதுக்கீடு பெற்ற மாணவர்க்கு வாயில்கள் இரண்டு: பொதுத் தரவரிசை ஒன்று, தம் வகுப்பின் தரவரிசை மற்றொன்று. பிறவகுப்பின் எல்லையைப் பார்த்து அஞ்சுவதும் மகிழ்வதும் வீணே. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசினர் பள்ளியிற் பயின்றோர்க்கு, 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூற்றுக்கு 7.5 இடங்கள் தனியே உண்டு. அவர்க்கு அது மூன்றாம் வாயில். இதனை அறியாது, பொதுப் பட்டியலின் எல்லையைக் கண்டு மனந்தளரும் பிள்ளைகளும் உளர்.

அன்றியும், கல்லூரி ஒன்றாயினும் துறைகள் பல. கணினிப் பொறியியல் முதலிற் போய்விடும். சுரங்கப் பொறியியலும் அச்சுத் தொழில்நுட்பமும் அவ்வளவு விரைந்து நிறைவதில்லை. ஆதலின் “கிண்டியில் இடங் கிடைக்குமா?” என்னும் வினாவே குறையுடைத்து. “கிண்டியில் எத்துறை, எந்த வாயிலால்?” என்று கேட்டலே முறை.

இவற்றைக் கொண்டு வாய்ப்பை அளக்கும் எளிய வழி ஒன்று கூறுவோம். வேண்டிய துறை, தம் வகுப்புப் பட்டியலிற் கடந்த மூன்று ஆண்டுகளிலும் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று எழுதுக. தம் வரிசை அம்மூன்றிற்கும் முன்னதாயின், பெரும்பாலும் கிடைக்கும் எனலாம். மூன்றிற்கும் இடைப்பட்டதாயின், ஐயத்திற்குரியது. மூன்றிற்கும் பிற்பட்டதாயின், அரிது. இங்ஙனம் கல்லூரிகளையும் துறைகளையும் மூவகையாகப் பகுத்துக்கொள்ளுதல் நன்று.

ஆனால், வாய்ப்பை அளந்தபின் செய்வதே முதன்மையானது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியே நிகழ்கிறது. மாணவர் தம் விருப்பங்களை வரிசையாகப் பதிவு செய்வர். கணினியோ தரவரிசையில் முன்னிற்பவரை முதலில் எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து படித்து, காலியாயுள்ள முதல் இடத்தை அவர்க்கு அளிக்கும். பின்னர் அடுத்தவரிடஞ் செல்லும். நம் முறை வருமுன், எவ்விடங்கள் எஞ்சும் என்பதை நமக்கு முன்னிற்போரே முடிவு செய்துவிடுகின்றனர். நாம் எவ்வாறு வரிசைப்படுத்தினும் அது மாறாது. அரிய இடத்தை முதலில் எழுதினால், அது நிறைந்திருப்பின் கணினி உடனே அடுத்ததைப் பார்க்கும். அவ்விடைவெளியிற் பின்னிற்பவர் எவரும் நுழைந்துவிடார்.

நம் தோழரின் கதை இங்கேதான் பொருள் பெறுகிறது. அவர் கட்டடப் பொறியியலை விரும்பியவர். பெரிய கல்லூரி ஒன்றை நாடியவர். ஊரிற் பெரியவர் ஒருவர், “எட்டாததை முதலில் எழுதாதே, உறுதியானதை முதலில் எழுது, இல்லையேல் இரண்டும் போகும்” என்றார். தோழரும் அஞ்சி, ஊர்ப்பக்கத்துக் கல்லூரியை முதலில் எழுதி, விரும்பியதை ஐந்தாவதாக எழுதினார். முதலில் எழுதியதே கிடைத்தது. கணினி ஐந்தாவதைப் படிக்கவே இல்லை. சில நாளில், அவர் வகுப்புப் பட்டியலில் அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் அந்தக் கல்லூரியில், அந்தத் துறையிலேயே சேர்ந்த செய்தி வந்தது. தோழர் அன்று ஒன்றும் பேசவில்லை. “நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் அல்லவா?” என்று பின்னொருநாள் நம்மைக் கேட்டார். ஆம் என்று சொல்வதையன்றி நம்மிடம் வேறு விடையில்லை.

ஆகவே இளையோரே, வாய்ப்பை அளப்பது பட்டியலின் நீளத்தைத் தீர்மானித்தற்கே; அதன் வரிசையைத் தீர்மானித்தற்கன்று. அரியது, ஐயத்திற்குரியது, உறுதியானது ஆகிய மூன்றும் பட்டியலில் இருத்தல் வேண்டும். உறுதியானவை போதிய அளவு இருத்தல் இன்றியமையாதது. வரிசையை மட்டும் உள்ளத்தின் விருப்பமே அமைக்கட்டும். சேர விரும்பாத இடத்தை எழுதாதொழிக.

நம் தம்பி அவ்வாறே எழுதினான். முதல் மூன்றும் கிடைக்கவில்லை, நான்காவது கிடைத்தது. அஃது அவன் விரும்பியவற்றுள் அவனுக்கு எட்டியதில் மேலானது என்பதில் ஐயமில்லை. கேளாது இழந்தேன் என்னும் வருத்தம் அவனுக்கில்லை. வரும் வேனிலிற் பட்டியல் எழுதவிருக்கும் நம் தம்பியர்க்கும் தங்கையர்க்கும் அவ்வருத்தம் நேராதிருப்பதாக.