மின்னிசைக் கருவியின் முகப்புத் தகடு

பல சிறு அலகுகளைக் கம்பிகளால் இணைத்து இயக்கப்படுவதே மாடுலர் சிந்தசைசர் எனும் மின்னிசைக் கருவி. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ஆம் ஆண்டு மூக் கருவியொன்றை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர். இன்று இத்தகைய அலகுகளை ஆர்வலர் வீட்டிலேயே கட்டுகின்றனர். யூரோராக் முறையில் முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மில்லிமீற்றர்.

மழையும் மூடுபனியும் மிகுந்த ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூரில் ஒட்டுப்பலகை ஊதிவிடும், அலுமினியமே உகந்தது. வரைபடத்தைத் தகட்டின்மேல் ஒட்டி, துளைக்கவேண்டிய இடத்தைக் கூராணியாற் குழித்து, முதலிற் சிறுதுளையிட்டுப் பின்னரே பெரிதாக்கவேண்டும். குழிக்காமல் துளைத்தாற் கருவி வழுக்கியே தீரும்! துளை அரை மில்லிமீற்றர் பிசகினாலும், சுற்றுப்பலகையில் முன்னரே ஈயம் வைத்துப் பொருத்திய குமிழின் தண்டு அதனுள் நுழையாது. அரத்தால் ஒப்பேற்றலாம், அழகு போய்விடும். ஆகவே, குமிழ்களை முதலில் தகட்டிற் பூட்டி, அதன் பின்னரே ஈயம் வைப்பர், கைதேர்ந்தோர்.