ஊட்டி குளிரிலும் இன்வெர்ட்டர் சூடாவது ஏன்? கேரவனில் போகிறவர்கள் கவனத்துக்கு...

வெளியே 8 டிகிரி. கேரவனுக்குள் ஜன்னல் எல்லாம் மூடி, ஆளுக்கொரு கம்பளி. காலை காபிக்கு எலெக்ட்ரிக் கெட்டிலைப் போட்ட சில நிமிடங்களில் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு இன்வெர்ட்டர் நின்றுபோகிறது. டிஸ்ப்ளேயில் ‘ஓவர் டெம்பரேச்சர்’. “இந்தக் குளிர்ல எப்படிங்க ஹீட் ஆகும்?”

கணக்கு எளிது. 1,500 வாட் கெட்டிலுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய வேண்டும். இன்வெர்ட்டரில் 10 சதவீதம் வெப்பமாக வீணானால்கூட அது 150 வாட். சின்ன டப்பாவுக்குள் இரண்டு, மூன்று குண்டு பல்புகளை எரியவிட்ட மாதிரி.

அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டியது காற்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே வெப்பநிலையில் கடல்மட்டக் காற்றைவிட இங்கே காற்றின் அடர்த்தி 20 சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஃபேன் அதே வேகத்தில்தான் சுற்றும், ஆனால் அள்ளிச்செல்லும் சூடு குறையும். அதனால்தான் பல மின்சாதனங்களின் கையேட்டில், 1,000 மீட்டருக்கு மேல் போனால் லோடைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஆனாலும், உயரத்தைவிடப் பெரிய வில்லன் கம்பளிதான். சீட்டுக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டர் மேலேயே பையும் போர்வையும் திணிக்கப்படுகின்றன. ஃபேன் வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப உள்ளே இழுக்கிறது. வெளியில் எத்தனை டிகிரி இருந்தாலும், அந்தப் பெட்டிக்குள் சென்னை மே மாதம்தான்! சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சார்ஜர் கதையும் இதேதான். காலியான பேட்டரிக்கு இரவு முழுக்க அது ஓடுகிறது. செட்டிங்கில் சார்ஜிங் ஆம்பியரைக் குறைக்க வசதியிருந்தால், இரவில் குறைத்து வைக்கலாம். அமில பேட்டரி என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை: சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். அது காற்றில் 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறி போதும். குளிருக்குப் பயந்து பேட்டரிப் பெட்டியின் வென்ட்டைத் துணியால் அடைப்பது உயிரோடு விளையாட்டு. லித்தியம் பேட்டரியில் சிக்கல் தலைகீழ். பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் அதிகாலைகளில் பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜிங்கை நிறுத்தினால், அது பழுது இல்லை. வெயில் ஏறும்வரை பொறுங்கள்.

கேபிளையும் மறக்க வேண்டாம். மலைப்பாதைக் குலுக்கலில் டெர்மினல் நட்டு தளரும். தளர்ந்த இடம்தான் முதலில் பழுக்கச் சூடாகும், இன்சுலேஷன் கருகும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தவர்கள், எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது நல்லது.

இன்வெர்ட்டர் ‘ட்ரிப்’ ஆகிவிட்டதா? உடனே மறுபடி ஆன் செய்யாதீர்கள். கெட்டில் பிளக்கை உருவுங்கள், பெட்டிக் கதவைத் திறந்து வையுங்கள், ஃபேன் ஓடினால் ஓடட்டும். கருகல் வாடை வந்தால் பேட்டரி ஐசோலேட்டரை அணைத்துவிட்டு எல்லோரும் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். காபியை எதிர்க் கடையில் குடித்துக்கொள்ளலாம்.